எலும்பின் அடர்த்தியும் மூளையின் இரத்த நாளங்களும்

எலும்பு முறிந்து வருவோர் ஒரு பிரிவுக்கும், பக்கவாதம் கண்டு வருவோர் வேறொரு பிரிவுக்கும் அனுப்பப்படுவது மருத்துவமனைகளின் நடைமுறை. இரண்டிற்கும் தனித்தனி மருத்துவர்கள், தனித்தனிப் படுக்கைகள், தனித்தனிப் பதிவேடுகள். நிர்வாகத்திற்கு இப்பிரிவினை தேவையே. ஆயினும் அறுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஓராண்டிலும், பேச்சுக் குழறி ஒரு கையும் காலும் விழுந்துபோன நிலையில் மற்றோராண்டிலும் அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது அரிதன்று. பதிவேடுகள் அவரை இரண்டு நோயாளிகளாகவே காண்கின்றன.

இவ்விரு கேடுகளும் ஒருவரிடம் சேர்ந்து வருவது முதுமையின் தற்செயலா, அன்றி இவற்றிற்கிடையே உள்ளுறவு ஏதேனும் உண்டா என்னும் வினா கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. உறவு உண்டு என்பதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. ஆனால் அச்சான்றுகள் சொல்வதைவிட அதிகமாக அவற்றிலிருந்து பொருள் கொள்ளும் போக்கும் வளர்ந்துள்ளது. எலும்பைக் காத்தால் மூளையும் காக்கப்படும் என்ற எண்ணம் கேட்பதற்கு இனிமையானது. அந்த எண்ணம் சிகிச்சையாக மாறிய இடங்களில் நேர்ந்தவற்றை அறிந்துகொள்வது, சுகாதாரத் திட்டங்களை வகுப்போருக்கும் நடத்துவோருக்கும் பயன்படும்.

எலும்பு என்னும் உயிர்ப்பொருள்

எலும்பைக் கட்டடத்தின் தூண்போல உயிரற்ற ஒன்றாக எண்ணுவது பொதுவழக்கு. உண்மையில் அது இடைவிடாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் உயிர்த்திசு. எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒருபுறம் குடைந்துகொண்டே செல்ல, எலும்பை ஆக்கும் செல்கள் அக்குழிகளை மறுபுறம் நிரப்பிக்கொண்டே வருகின்றன. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பற்களிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் மற்றத் திசுக்களிலும் உள்ளது. இதயத் துடிப்பும் நரம்புகளின் இயக்கமும் இந்த ஒரு பங்கைச் சார்ந்தவை. உணவில் கால்சியம் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைய உடல் இடங்கொடாது; எலும்பைக் கரைத்து ஈடுசெய்துகொள்ளும். எலும்பு, உடலின் சேமிப்புக் கிடங்கும் ஆகும்.

இக்கிடங்கு நிரம்பும் காலம் ஏறத்தாழ முப்பது வயதுவரை. அதன்பின் செலவு வரவை மெல்ல விஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின், எலும்பு கரைவதைத் தடுத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குன்றுவதால், சில ஆண்டுகளுக்கு இழப்பு விரைவு பெறுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முந்தியது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

எலும்பின் அடர்த்தியை அளக்க இரு வேறு ஆற்றலுடைய ஊடுகதிர்களைச் செலுத்தும் கருவி பயன்படுகிறது. இதனை டெக்ஸா என்பர். இளம் பெண்களின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டு, அதற்கு எத்தனை படி கீழே ஒருவரின் அளவு உள்ளது என்று கணக்கிடுவர். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறையின்படி, இந்த ஒப்பீட்டு மதிப்பு கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருப்பின் அது எலும்புப்புரை நோய்.

இந்த அளவீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அடர்த்தி வேறு, வலிமை வேறு. குடிநீரில் புளோரைடு மிகுந்த பகுதிகளில் எலும்பு ஊடுகதிர்ப் படத்தில் அடர்த்தியாகத் தோன்றும்; ஆயினும் எளிதில் முறியும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் மக்களிடையே பரவியிருந்த இந்நோய் 1937இலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. ஆகவே எலும்பு அடர்த்தி குறித்து மேலைநாட்டு ஆய்வுகள் கண்ட எண்களை இந்தியாவின் எல்லா மாவட்டங்களுக்கும் அப்படியே பொருத்துவது இயலாது.

மூளையின் நுண்நாளங்கள்

உடலின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவையும் கொண்டு சேர்ப்பவை கழுத்து வழியே மேலேறும் பெருந்தமனிகளும், அவற்றிலிருந்து பிரிந்து மூளையின் ஆழத்திற்குள் ஊடுருவிச் செல்லும் மயிரிழை போன்ற நுண்தமனிகளுமாகும். பெருந்தமனி அடைபட்டால் பக்கவாதம் வெளிப்படையாகத் தாக்கும். நுண்தமனிகளின் நோயோ ஓசையின்றி வளர்வது. உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் அவற்றின் சுவர்களைத் தடிக்கவைத்து உள்வழியைச் சுருக்குகிறது. மூளையின் வெண்பொருளுக்குக் குருதி குறைகிறது. காந்தப் படத்தில் வெண்திட்டுகளும், சிறு குழிகளும், நுண்ணிய கசிவுப் புள்ளிகளும் தென்படும். நோயாளிக்கு அதுவரை பக்கவாதம் வந்ததாக நினைவே இராது.

இந்நோயின் வெளி அடையாளங்களில் முதன்மையானது நடை. அடி குறுகும், வேகம் தளரும், திரும்பும்போது தள்ளாடும். சிந்தனை மந்தமாகும், ஒரே நேரத்தில் இரு செயல்களைக் கவனிக்க இயலாது. எலும்போடு உள்ள முதல் தொடர்பு இங்கேயே அமைந்திருக்கிறது. எலும்பு மெலிந்தவர் யாவர்க்கும் இடுப்பெலும்பு முறிவதில்லை; பெரும்பாலும் விழுபவருக்கே முறிகிறது. விழச் செய்வதில் மூளையின் நுண்நாள நோய்க்குப் பெரும் பங்குண்டு. ஆராய்ச்சியாளர் எலும்புக்கும் மூளைக்கும் இடையே வேதியியல் தூதுகளைத் தேடும் ஆர்வத்தில், தள்ளாட்டம் என்னும் இந்த எளிய பாலத்தைச் சில வேளை மறந்துவிடுகின்றனர்.

சான்றுகள் கூறுவது

அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நிகழ்ந்த எலும்பு முறிவு ஆய்வொன்றின் முடிவு 1993இல் வெளிவந்தது. குதிகால் எலும்பின் அடர்த்தி ஒரு படி குறையும்போது பக்கவாதம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.3 மடங்கு ஆகிறது என அது கண்டது. மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் பிராமிங்காம் நகரில் 1948 முதல் நடைபெற்றுவரும் இதய ஆய்வு இத்துறைக்கும் வளம் சேர்த்தது. 25 ஆண்டுகால ஊடுகதிர்ப் படங்களை ஒப்பிட்டு 2001இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, கையெலும்பை மிகுதியாக இழந்த பெண்களுக்கே வயிற்றுப் பெருந்தமனியில் சுண்ணாம்புப் படிவும் மிகுதியாக வளர்ந்திருந்தது. அதே ஆய்வில் 987 முதியோரைத் தொடர்ந்து கவனித்ததில், தொடையெலும்புக் கழுத்தின் அடர்த்தி மிகக் குறைந்த கால் பகுதியினராக இருந்த பெண்களுக்கு அல்சைமர் மறதிநோய் இரு மடங்குக்கும் மேலாக ஏற்பட்டது என 2005இல் அறிவிக்கப்பட்டது. ஆண்களிடம் இவ்வுறவு காணப்படவில்லை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வு 2023இல் தந்த செய்தி இவற்றுள் சிந்தனைக்குரியது. மறதிநோய் இல்லாத 3,651 பேரின் எலும்பு 2002க்கும் 2005க்கும் இடையில் அளக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் 688 பேருக்கு மறதிநோய் கண்டது. தொடையெலும்புக் கழுத்து மெலிந்தோருக்கு வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. ஆனால் அளவெடுத்ததை அடுத்த பத்து ஆண்டுகளில்தான் இவ்வுறவு மிக வலுவாக இருந்தது. காலம் நீள நீள அது தளர்ந்தது. எலும்பு மெலிவு மறதிநோயை உண்டாக்குவதாயின் நீண்ட காலத்திலும் அதன் விளைவு தொடர்ந்திருக்க வேண்டும். மாறாக, நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒருவரின் நடமாட்டமும் உணவும் குறையத் தொடங்கி, அதன் பயனாக எலும்பு மெலிகிறது என்று கொண்டால் இந்த முடிவு நன்கு விளங்குகிறது. எலும்பு மெலிவு இங்கே காரணமாக அன்றி, முன்னறிவிப்பாக நிற்கிறது.

இனி, உறவின் வேர்களைக் காண்போம். எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு தமனியில் படிவதும், அதே காலத்தில் எலும்பு சுண்ணாம்பை இழப்பதும் மருத்துவர்களுக்கு நெடுங்காலப் புதிர். 1990களில் எலிகளிடம் செய்த இரு சோதனைகள் இதற்கு ஓரளவு ஒளி தந்தன. மேட்ரிக்ஸ் கிளா என்னும் புரதம் இல்லாத எலிகளின் தமனிகள் எலும்புபோல் கெட்டிப்பட்டு, அவை இரு மாதங்களுக்குள் இறந்தன. இது 1997இல் வெளியாயிற்று. எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்தும் ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்னும் புரதம் இல்லாத எலிகளிடம் எலும்பு மெலிவும் தமனிக் கெட்டிப்பாடும் ஒருங்கே தோன்றின என்பது 1998இல் வெளியாயிற்று. எலும்பைக் காக்கும் பொருளொன்று தமனியையும் காக்கிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. கெட்டிப்பட்ட பெருந்தமனி, இதயத் துடிப்பின் அதிர்வைத் தாங்கி மென்மைப்படுத்தும் தன்மையை இழக்கிறது. அந்த அதிர்வு முழுவதும் மூளையின் நுண்தமனிகளின்மேல் விழுகிறது.

எலும்பிலிருந்து சுரக்கும் ஆஸ்டியோகால்சின் என்னும் புரதம் மூளைக்குச் சென்று நினைவாற்றலைப் பேணுகிறது என 2013இல் எலிகளைக் கொண்டு கூறப்பட்டது. இது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. 2020இல் வேறு ஆய்வுக்குழுக்கள் உருவாக்கிய எலிகளிடம் இப்புரதத்திற்கு முன்பு கூறப்பட்ட ஹார்மோன் செயல்களில் சில காணப்படாமற்போயின. எனவே மாணவர்கள் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

மனிதரிடம் தெளிவாகத் தெரியும் பொதுவேர்கள் பழகியவையே. ஈஸ்ட்ரோஜன் குறைவு, புகைபிடித்தல், நீரிழிவு, உடலுழைப்பின்மை, சிறுநீரக நோய் ஆகியவை இரண்டையும் கெடுக்கின்றன. இவற்றுள் இரத்த அழுத்தத்திற்குத் தனியிடம் உண்டு. அழுத்தம் உயர்ந்தவர்கள் சிறுநீரில் கால்சியத்தை மிகுதியாக இழக்கின்றனர். உப்பு மிகுந்தால் அதனை வெளியேற்றும் சிறுநீரகம் கால்சியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. 3,676 முதிய பெண்களைக் கவனித்த ஆய்வு, இரத்த அழுத்தம் எவ்வளவு உயர்ந்திருந்ததோ அவ்வளவுக்கு எலும்பின் ஆண்டு இழப்பும் கூடியிருந்ததை 1999இல் காட்டியது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மூளைக்கு மட்டும் கேடு என்று எண்ணியிருந்தோருக்கு இது புதுச்செய்தி.

உறவு எதிர்த்திசையிலும் இயங்குகிறது. பக்கவாதத்தால் செயலிழந்த பக்கத்தின் எலும்பு, முதல் ஓராண்டிற்குள்ளேயே கணிசமாக மெலிகிறது. கையில் இது மிகுதி. நோயாளி விழும்போதும் பெரும்பாலும் அப்பக்கமாகவே விழுகிறார். இதனால் பக்கவாதம் கண்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு, ஒத்த வயதுடைய மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்குவரை உயர்கிறது. ஆயினும் வீடு திரும்பும் பக்கவாத நோயாளியிடம் எலும்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இவ்விடத்தில் ஓர் ஆய்வு மோசடியையும் குறிப்பிடுதல் தகும். பக்கவாத நோயாளிகளுக்கு போலிக் அமிலமும் வைட்டமின் பி12 வகையொன்றும் கொடுத்தால் இடுப்பெலும்பு முறிவு வெகுவாகக் குறைகிறது என்று, 628 பேரைக் கொண்ட ஜப்பானிய ஆய்வொன்று புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2005இல் வெளிவந்தது. மலிவான மாத்திரை, வியத்தகு பயன். உலகின் பல பகுதிகளில் இது மேற்கோளாகப் பயன்பட்டது. அதே ஆய்வாளரின் பிற ஆய்வுகளையும் சேர்த்து எண்களை நுணுகிப் பார்த்த வேறு நாட்டு அறிஞர்கள், அவை இயல்பாகக் கிடைக்கத்தக்க எண்கள் அல்ல என்று நிறுவினர். 2016இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையே, இவ்வைட்டமின்களைக் கொண்டு நேர்மையாக நடந்த பெரிய ஆய்வுகளில் எலும்பு முறிவு குறையவில்லை. பதினோராண்டுகள் நின்ற ஒரு பொய்யை விலக்கியவர்கள், பிறர் எண்களைப் பொறுமையுடன் கூட்டிப் பார்த்தவர்கள்தாம். அச்சில் வந்ததால் மட்டும் ஒரு முடிவைத் திட்டமாக்கிவிடக் கூடாது என்பதை அலுவலர்கள் இதிலிருந்து அறியலாம்.

எலும்பைக் காத்த மருந்து மூளையைத் தாக்கியபோது

இரண்டிற்கும் வேர் ஒன்றாயின் மருந்தும் ஒன்றாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இயல்பே. இதற்கு மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் நிகழ்ந்தது. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையோ, மருந்தற்ற போலி மாத்திரையோ கொடுக்கப்பட்டது. ஹார்மோன் எலும்பைக் காக்கும், தமனியையும் காக்கும், மூளையையும் காக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. 2002 ஜூலையில் இச்சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. இடுப்பெலும்பு முறிவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது உண்மை. பக்கவாதமோ நூற்றுக்கு 41 பங்கு கூடியிருந்தது. பதினாயிரம் பெண்கள் ஓராண்டு இம்மருந்தை உட்கொண்டால் ஐந்து பேரின் இடுப்பெலும்பு காக்கப்படும். எட்டுப் பேர் கூடுதலாகப் பக்கவாதத்திற்கு ஆளாவர். ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த உடன்பிறப்புச் சோதனையும் பக்கவாதம் கூடியதாலேயே 2004இல் நிறுத்தப்பட்டது.

இது தனி நிகழ்ச்சி அன்று. எலும்புக்கென்றே ஆக்கப்பட்ட ரலாக்ஸிபீன் என்னும் மருந்து, இதயநோயுடைய அல்லது அதற்கு ஆளாகத்தக்க 10,101 பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2006இல் முடிவு வெளியாயிற்று. முதுகெலும்பு முறிவு குறைந்தது. ஆனால் உயிரைக் குடித்த பக்கவாதங்கள் மருந்து உண்டவர்களிடம் 59, உண்ணாதவர்களிடம் 39. அடுத்து வந்தது ரோமோசோசுமாப். எலும்புச் செல்கள் சுரக்கும் ஸ்கிளிராஸ்டின் என்னும் தடுப்புப் பொருளை அடக்கி, எலும்பைப் புதிதாகக் கட்டச் செய்வது இதன் முறை. அத்தடுப்புப் பொருள் தமனிச் சுவர்களிலும் இருப்பதை ஆய்வாளர் அறிந்திருந்தனர். பழைய மருந்தாகிய அலெண்ட்ரோனேட்டுடன் ஒப்பிட்ட சோதனையில் புதிய மருந்து எலும்பை மேலும் நன்றாகக் காத்தது. மாரடைப்பும் பக்கவாதமும் சற்றுக் கூடுதலாகத் தோன்றின. போலி மருந்துடன் ஒப்பிட்ட மற்றொரு பெரிய சோதனையில் அத்தகைய வேறுபாடு இல்லை. அமெரிக்க அரசு 2019இல் அனுமதி வழங்கியபோது, கடந்த ஓராண்டிற்குள் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களுக்கு இதனைத் தரலாகாது என்ற எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிடச் செய்தது.

இம்மருந்துகள் நம் நாட்டில் மிகச் சிலருக்கே எட்டுபவை. கால்சியம் மாத்திரை அப்படியன்று. மருந்துக் கடைகளில் சீட்டின்றியே வாங்கப்படுவது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 70 முதல் 92 வயதுவரையுள்ள 700 பெண்களை ஐந்தாண்டு கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. கால்சியம் மாத்திரை உண்டவர்கள் 98 பேர். அவர்களுள் முன்னரே பக்கவாதம் கண்டிருந்தோருக்கு, பக்கவாதம் கண்டும் மாத்திரை உண்ணாதவர்களைவிட மறதிநோய் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்காகவும், மூளையில் வெண்திட்டுகள் இருந்தோருக்கு மூன்று மடங்காகவும் இருந்தது. மூளை நாளங்கள் நலமாக இருந்தோருக்குக் கேடு காணப்படவில்லை. எண்ணிக்கை சிறிது, கவனித்துக் கண்ட ஆய்வேயன்றிச் சோதனை அன்று. ஆகவே இதனைக் கொண்டு மாத்திரையைத் தடைசெய்யச் சொல்வது மிகை. எனினும் மூளையைக் காக்கும் என்ற பெயரில் முதியோருக்கெல்லாம் மாத்திரையை வாரி வழங்கவும் இது இடந்தரவில்லை. உணவிலிருந்து கிடைக்கும் கால்சியத்திற்கு இத்தகைய ஐயம் எழவில்லை. அது இரத்தத்தில் மெல்லவே சேர்கிறது. வைட்டமின் டி குறித்து 25,871 அமெரிக்கரிடம் நடந்த சோதனையிலும், பொதுவாக நலமாயிருந்தோருக்கு மாத்திரையால் பக்கவாதமும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை என்பது 2019, 2022 ஆண்டுகளின் முடிவு. குறைபாடு உள்ளோருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு அது சிகிச்சை.

இரண்டையும் ஒருங்கே காக்கும் மருந்து இல்லாமல் இல்லை. அது பழமையானதும் மலிவானதும் ஆகும். குளோர்தாலிடோன் என்னும் சிறுநீர்ப் பெருக்கி, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேரிடம் சோதிக்கப்பட்டபோது பக்கவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. அம்முடிவு 1991இல் வெளிவந்தது. இம்மருந்து சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைப்பது. இரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்ட மற்றொரு பெரிய சோதனையின் விவரங்களை மீண்டும் ஆய்ந்தபோது, குளோர்தாலிடோன் உண்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு மற்ற இரு மருந்துகளை உண்டவர்களைவிட நூற்றுக்கு 21 பங்கு குறைவாக இருந்தமை 2017இல் தெரியவந்தது. அதே 2017இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் சிகிச்சை முறைகளில் ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டனோடு இம்மருந்தும் இடம்பெற்றுள்ளது. சிலருக்கு இது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து மயக்கமும் தள்ளாட்டமும் உண்டாக்கும். ஆதலால் முதியோருக்குச் சிற்றளவில் தொடங்குவதும் சோடியத்தைச் சோதிப்பதும் மருத்துவரின் பொறுப்பு. எலும்பு மெலிந்த ஒருவருக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் இச்செய்தி மருத்துவருக்குக் கைகொடுக்கும்.

இந்திய நிலை

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடியே 38 லட்சம் பேர். அவர்களுள் பெண்களே மிகுதி. நாடளாவிய முதியோர் ஆய்வின் அடிப்படையில் 2023இல் வெளியான மதிப்பீடு, இவ்வயதினருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகக் கூறுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் இது மிகுதி.

எலும்பின் நிலையோ இளமையிலேயே தாழ்ந்திருக்கிறது. ஹைதராபாத்தில் குறைந்த வருவாயுள்ள, 30 முதல் 60 வயதுவரையான 289 பெண்களை ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட முடிவு மறக்கத்தக்கதன்று. அவர்களின் உணவில் நாள்தோறும் கிடைத்த கால்சியம் ஏறத்தாழ 270 மில்லிகிராம். தொடையெலும்புக் கழுத்தில் எலும்புப்புரை நோய் அவர்களுள் நூற்றுக்கு 29 பேரிடம் காணப்பட்டது. இவர்களுள் பலர் முதியோர் அல்லர். உழைத்துக் குடும்பம் காக்கும் வயதினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வளர்ந்தோருக்கு 2010இல் 600 மில்லிகிராமாகப் பரிந்துரைத்த கால்சியத்தை 2020இல் 1,000 மில்லிகிராமாக உயர்த்தியது. பரிந்துரை உயர்ந்ததால் தட்டில் உணவு உயர்ந்துவிடுவதில்லை. தீட்டிய அரிசி 100 கிராமில் கால்சியம் 10 மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் 364 மில்லிகிராம் உள்ளது. பொது வினியோகத்தில் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் உள்ள இடத்தை ஆராய்வோர் இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

சூரியஒளி மிகுந்த நாட்டில் வைட்டமின் டி குறைவது வியப்பன்றோ என்று கேட்போர் உண்டு. டில்லியில் நிகழ்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வெயிலில் பயிற்சி செய்யும் படைவீரர்களுக்கே அது ஓரளவு போதுமானதாக இருந்தது. மருத்துவமனைக்குள் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும் குறைவாக இருந்தது. வெயில் நாட்டின்மேல் விழுந்தால் போதாது, தோலின்மேல் விழ வேண்டும்.

எலும்பின் நிலைக்கும் மூளை நாளங்களின் நிலைக்கும் உள்ள உறவை இந்திய மக்களிடமே நெடுங்காலம் தொடர்ந்து கண்டறிவது இன்னும் பெரும்பாலும் வருங்காலப் பணி. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரப் பகுதியில் 45 வயதைக் கடந்த பதினாயிரம் கிராமத்தாரைத் தொடர்ந்து கவனிக்கும் நோக்குடன் ஆய்வு ஒன்றை மேற்கொண்டுள்ளது. கேழ்வரகு அன்றாட உணவாகவும், நிலத்தடி நீரில் புளோரைடு தொல்லையாகவும் உள்ள மாவட்டம் அது. அடர்த்தியும் வலிமையும் பிரிந்து நிற்கும் இத்தகைய இடத்தில் மேலைநாட்டு முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய இதைவிடத் தகுந்த களம் கிடைப்பது அரிது.

ஆய்வு முடியும்வரை நிர்வாகம் காத்திருக்க வேண்டியதில்லை. டெக்ஸா கருவி பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறது. இரத்த அழுத்தமானி துணை சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. 30 வயதைக் கடந்தோரின் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சோதிக்கும் திட்டத்தில் ஆஷா பணியாளர் வீடுதோறும் சென்று நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. அதில் 60 வயதைக் கடந்தோருக்கெனச் சில கேள்விகள் உள்ளன. நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா என்பது அவற்றுள் ஒன்று. நெருங்கியோரின் பெயரையோ வீட்டு முகவரியையோ மறந்துபோகிறதா என்பது மற்றொன்று. மருத்துவமனை இரு பிரிவுகளாகப் பிரித்து வைத்ததைக் கிராமத்துப் பணியாளரின் படிவம் ஒரே தாளில் சேர்த்து வைத்திருக்கிறது.

இவ்விரு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற விடையோடு வரும் முதியவரை மருத்துவ அலுவலர் எவ்வாறு காண்பது என்பதே எஞ்சியுள்ள வேலை. அமர்ந்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். எழுந்ததும் அழுத்தம் வீழ்பவருக்கு மருந்தின் அளவே விழுகைக்குக் காரணமாயிருக்கக் கூடும். ஐம்பது வயதிற்குப்பின் சிறு தடுக்கலில் மணிக்கட்டோ முதுகெலும்போ முறிந்ததுண்டா, உயரம் குறைந்திருக்கிறதா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று கேட்க வேண்டும். தூக்க மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் உட்பட அவர் உண்பன யாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். இவற்றிற்குத் தேவைப்படுவது பத்து நிமிட நேரமும், இரத்த அழுத்தத்திற்காக வந்தவரின் அட்டையில் எலும்பிற்கென ஒரு வரியும், எலும்பு முறிவுக்காக வந்தவரின் அட்டையில் இரத்த அழுத்தத்திற்கென ஒரு வரியும்தான்.